முயல் மன்றமும் முயல் காட்சியும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



நிகழ்ச்சி நிரலில் எங்கள் உரையின் தலைப்பைக் கண்டு சிலர் நகைத்தனர் என்பதை அறிவோம். கல்வி உதவித்தொகை, பட்டயப் படிப்பு, போட்டித் தேர்வு என்னும் பெரும்பொருள்களுக்கு இடையே முயல் வந்து உட்கார்ந்துகொண்டது. நகைத்தவர்கள் மீது எங்களுக்குக் குறையில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்களும் நகைத்திருப்போம்.

இது திட்டமிட்டுத் தொடங்கியதன்று. நம் மாலைப் பாடசாலையில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக நின்று போவதைக் கண்டு செயற்குழுவில் பலமுறை கவலைப்பட்டோம். பையன்களின் கண்ணெல்லாம் சிப்காட் வாயிலின் மேல்தான். பதினெட்டு வயது எப்போது நிரம்பும், ஒப்பந்தக்காரரின் வேனில் எப்போது ஏறலாம் என்று நாள் எண்ணுகிறவனை இயற்கணிதத்தால் பிடித்து நிறுத்த முடியவில்லை. 2022-ஆம் ஆண்டின் இறுதியில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளராக உள்ள நம் உறுப்பினர் ஒருவர் தம் மகளுக்காகச் சென்னையிலிருந்து வெள்ளை முயல் ஒரு சோடி வாங்கி வந்தார். இரவு வேலைக்குச் செல்லும் நாள்களில் கூண்டைப் பாடசாலைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டுப் போவார். பாடத்துக்கு வராத பிள்ளைகள் முயலுக்கு வந்தார்கள். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான் தொடக்கம். பின்னர்தான் மன்றம், விதி, சந்தா, காட்சி எல்லாம் வந்தன.

முதல் எதிர்ப்பு வெளியிலிருந்து வரவில்லை. நம் சங்கத்தின் மூத்தவர் ஒருவர் பொதுக்குழுவில் எழுந்து, "செத்த மாட்டைச் சுமக்க மாட்டோம் என்று சொன்னதற்காக எங்கள் தலைமுறை அடிபட்டது. நீங்கள் பிள்ளைகள் கையில் புழுக்கை அள்ளக் கூடை கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார். அரங்கம் அமைதியாகிவிட்டது. அவர் கேட்டது வெற்றுக் கேள்வியன்று. 1927-இல் மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் இழிதொழில்களை உதறுமாறு அறைகூவல் விடுத்தார். அந்த அழைப்பு நம் ஊர்களுக்கு வந்து சேரவும் அதன்படி நடக்கவும் பல பத்தாண்டுகள் ஆயின. அந்த விலையைக் கொடுத்தவர்களில் அப்பெரியவரும் ஒருவர்.

நாங்கள் அன்று சொன்ன மறுமொழி இது: உதறப்பட்டது விலங்கு அன்று, பிறப்பைக் காட்டிச் சுமத்தப்பட்ட, மறுத்தால் தண்டிக்கப்பட்ட வேலை. முயல் பிள்ளையின் சொந்தம். கணக்கேடு அவள் கையில். வேண்டாமென்றால் நாளையே விற்றுவிடலாம். எவரும் அவள் வீட்டு வாசலில் வந்து அதட்ட முடியாது. பெரியவர் இம்மறுமொழியை முழுதும் ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டோம். அதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார், இன்னமும் ஏற்கவில்லை. ஆனால் சென்ற காட்சியில் எடைத் தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, எடை போடுகிறவன் கையை நொடிக்கொருதரம் பார்த்துக்கொண்டிருந்தவரும் அவரே.

ஏன் முயல், ஏன் ஆடு அன்று, மாடு அன்று என்று கேட்கலாம். நம்மிடம் நிலம் இல்லை என்பதே விடை. இது புதிய செய்தியன்று. திருவள்ளூரும் பொன்னேரியும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1891-இல் அம்மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் இங்குள்ள ஆதிதிராவிட மக்களின் நிலமின்மையைக் குறித்து அறிக்கை எழுதினார். அதன் பயனாகவே 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் நம்மவர்க்கன்றிப் பிறர்க்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை விதித்து நிலம் தரப்பட்டது. அந்நிலங்கள் பல இன்று யார் பெயரில் உள்ளன என்பதை இவ்வவையில் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அண்மைச் செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் வட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்ச்சல் நிலம் தொழிற்பேட்டைக்கென எடுக்கப்பட்டது. அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் நம் மக்கள். அவர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள், தொழிற்பேட்டை எழுந்தது. மேய்ச்சல் போனால் மாடு போகும். மாடு போனால் ஆடும் பின்னாலே போகும். இரண்டரை அடிக்கு இரண்டடிக் கூண்டு மட்டும் தாழ்வாரத்தில் எஞ்சும். இழந்த நிலத்துக்கு முயல் ஈடாகும் என்று எவரேனும் சொன்னால் அவரோடு சண்டையிடுங்கள். நிலத்துக்கான வழக்கு தனி, முயல் தனி.

தொழிற்சாலைக்கு அருகே வாழ்கிறவர்கள் முயல் வளர்ப்பது உலகில் புதுமையன்று. ஜெர்மனியில் ரூர் வட்டாரத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் தம் குடியிருப்புகளின் பின்கட்டில் முயலும் புறாவும் வளர்த்தார்கள். அவர்களுடைய சங்கங்கள் ஆண்டுதோறும் காட்சிகள் நடத்தின. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் இறைச்சிக்குப் பங்கீடு வந்தபோது ஊருக்கு ஊர் வீட்டு முயல் சங்கங்கள் தோன்றின. அரசாங்கம் சங்கத்தின் வழியாகவே உறுப்பினர்களுக்குத் தவிடு வழங்கியது. அமெரிக்காவில் 1902-இல் ஒகையோ மாநிலத்தில் கிரகாம் என்னும் பள்ளிக் கண்காணிப்பாளர் சிறுவர் சிறுமியர்க்குத் தொடங்கிய உழவுக் கழகமே பின்னர் நான்கு 'எச்' கழகமாக வளர்ந்தது. முயல் வளர்ப்பு அதன் பாடங்களுள் ஒன்று. அக்கழகத்தின் பெருமையைப் பேசுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. அந்நாட்டின் தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளின் கழகம் வேறு, வெள்ளைப் பிள்ளைகளின் கழகம் வேறாக இருந்தது. 1964-இல் குடியுரிமைச் சட்டம் வரும்வரை அந்தக் கோடு நீடித்தது. இதை நாங்கள் ஏன் எடுத்துரைக்கிறோம் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

முயல் என்றதும் நம் ஏரிக்கரைப் புதரில் ஓடும் காட்டு முயலை எண்ணிக்கொள்ள வேண்டாம். அதைப் பிடிப்பதும் அடைப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாம் வளர்ப்பது ஐரோப்பிய வளர்ப்பு முயல், இனமே வேறு. காட்டு முயல் கண் திறந்து, உடம்பில் மயிருடன் குட்டி ஈனும். வளர்ப்பு முயலின் குட்டி கண் மூடி, மயிரின்றி, கட்டைவிரல் அளவில் பிறக்கும். கண் திறக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். நம் மாநிலத்தில் இவ்வினங்களை ஆய்ந்து பரப்பியவற்றுள் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் 1965-இல் அமைந்த மத்திய ஆட்டின ஆராய்ச்சி நிலையமும், நீலகிரியில் சாந்திநல்லா ஆராய்ச்சி நிலையமும் முக்கியமானவை. வெள்ளை ஜயண்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை என்பன நாம் கேட்கும் பெயர்கள். நன்கு வளர்ந்தால் நான்கு கிலோவைத் தாண்டும். ஆயின் அவை குளிர்நாட்டு வழிவந்தவை என்பதை மறந்ததுதான் நாங்கள் செய்த முதல் பிழை.

கும்மிடிப்பூண்டியின் சித்திரை வெயிலை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. முயலுக்கு வேர்க்காது. காதின் வழியாகவே வெப்பத்தை வெளியேற்றும். முப்பது பாகையைத் தாண்டினாலே வாடத் தொடங்கும். முதல் கோடையில் தகரக் கூரையின் கீழ்க் கூண்டுகளை வைத்தோம். ஒரே பிற்பகலில் மூன்று முயல்களை இழந்தோம். நான்கு வீடுகளில் அன்று சோறு இறங்கவில்லை. அதன்பின் கூரைமேல் தென்னங்கீற்று, பக்கங்களில் நனைத்த சாக்கு, கூண்டுக்குள் மண்சட்டித் தண்ணீர் என்று கற்றுக்கொண்டோம். கோடையில் ஆண் முயலின் வீரியம் குன்றும். பங்குனி முதல் ஆனி வரை இணை சேர்ப்பதே வேண்டாம் என்று விதி செய்தோம்.

இரண்டாவது பிழை புல்லில் நேர்ந்தது. இரவு வேலை முடிந்து திரும்பும் அண்ணன்மார்கள் நல்லெண்ணத்தோடு வழியில் ஒரு கட்டுப் புல் அறுத்து வருவார்கள். தொழிற்பேட்டைக் கால்வாய் ஓரத்துப் புல் கோடையிலும் பச்சையாகத் தழைத்திருக்கும். அது ஏன் அவ்வளவு பச்சை என்று நாங்கள் எண்ணவில்லை. ஒரு மழைக்காலக் காலையில் அப்புல்லைத் தின்ற குட்டிகள் ஒன்பது, இரண்டே நாளில் கழிச்சல் கண்டு செத்தன. கால்வாய் நீர் காரணமா, ஈரப்புல் காரணமா என்று பிரித்தறிய இயலவில்லை. ஆகவே இரண்டையும் விலக்கினோம். இன்று மன்றத்துப் பிள்ளை கால்வாய் ஓரத்தில் அரிவாளோடு நிற்பதைக் கண்டால் எவரும் அதட்டலாம். அகத்தியும் வேலிமசாலும் முருங்கையும் வீட்டு வேலியிலேயே வளரும். அறுத்து அரைநாள் நிழலில் வாட்டிப் போட வேண்டும். முயல் இரவில் தன் மெல்லிய எச்சத்தைத் தானே உண்பதைக் கண்டு, நோய் என்று அஞ்சி ஓடிவந்த பிள்ளைகள் உண்டு. அது நோயன்று, மாடு அசைபோடுவதைப் போல முயல் உணவை இரண்டாம் முறை செரிக்கும் வழி.

இனி மன்றத்தைப் பற்றி. எட்டு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள எவரும் உறுப்பினராகலாம். ஒருவருக்கு முதலில் ஒரு பெட்டை மட்டும். ஆண் முயல்கள் மன்றத்தின் பொதுவுடைமை. இரண்டு பிள்ளைகள் வீட்டில் பராமரிக்கப்படும். முயலின் கருப்பக்காலம் ஏறத்தாழ முப்பத்தொரு நாள். முதல் ஈற்றில் வாழும் குட்டிகளுள் ஒரு பெட்டையை அடுத்த உறுப்பினருக்கு இலவசமாகத் தர வேண்டும். கடன் இதனோடு தீர்ந்தது. ஒவ்வொருவரும் நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டும்: இணை சேர்த்த நாள், ஈன்ற நாள், குட்டி எத்தனை, செத்தவை எத்தனை, வாரந்தோறும் எடை, தீவனச் செலவு. இயற்கணிதத்துக்கு வராதவன் எடைக் கோட்டுப் படம் வரைகிறான். பள்ளியில் அவனுக்கு மதிப்பெண் ஏறிவிட்டதா என்று கேட்டால், சிலருக்கு ஏறியது, சிலருக்கு இல்லை. ஆனால் மாலைப் பாடசாலையில் நின்றுபோனவர்களுள் பலர் திரும்பி வந்தார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் காலனியில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது கூண்டுகளையெல்லாம் நம் நூலகத்துக்குள் ஏற்றினோம். அண்ணலின் நூல் தொகுதிகள் இருந்த அலமாரிக்குக் கீழே நான்கு நாள் முயல்கள் இருந்தன. நூலகப் பொறுப்பாளர் அதை இன்னும் மன்னிக்கவில்லை. சரி, விட்டுவிடுவோம்.

காட்சிக்கு வருவோம். முதலில் எங்களுக்கு இதில் நாட்டமில்லை. பரிசுக் கோப்பை, ஒலிபெருக்கி, பொன்னாடை என்று வீண்செலவாகும் என்று அஞ்சினோம். பிள்ளைகள்தாம் விடவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்னும் பழமொழி இவர்களைப் பார்த்துத்தான் பிறந்ததோ என்னும்படி, என் முயலே பெரியது, உன் முயல் நோஞ்சான் என்று நாள்தோறும் பூசல். இதைத் தீர்க்க ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. உலகெங்கும் முயல் காட்சிகளில் எப்படித் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்று தேடிப் படித்தோம். அங்கே நாங்கள் கண்ட ஒரு விதி எங்களை உட்கார வைத்தது.

அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்தின் காட்சிகளில் ஒவ்வொரு முயலின் இடக்காதிலும் எண் குத்தப்பட்டிருக்கும். நடுவர் மேசைக்கு முயல் வரும்போது அந்த எண் மட்டுமே வரும். உடையவர் யார் என்பதை நடுவர் அறியக் கூடாது. உடையவரும் 'இது என்னுடையது' என்று வாய் திறக்கக் கூடாது. நடுவர் ஒவ்வொரு முயலின் நிறைகுறைகளை உரக்கச் சொல்லுவார். பக்கத்தில் உள்ள எழுத்தர் அதைச் சீட்டில் எழுதுவார். வென்றவருக்கும் தோற்றவருக்கும் சீட்டு உண்டு.

நண்பர்களே, நம்முள் எத்தனை பேர் வாழ்நாளில் அப்படி மதிப்பிடப்பட்டிருக்கிறோம்? பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, அதன்பின் விடைத்தாளைப் பார்த்தவர்களை நாம் கண்டதில்லையா? இவ்விதியைப் படித்த அன்றே, காட்சி நடத்தினால் இப்படித்தான் நடத்துவது என்று முடிவு செய்தோம்.

விதியைப் படிப்பது எளிது, நடத்துவது எளிதன்று. பச்சை குத்தும் இடுக்கி எங்களிடம் இல்லை. இடக்காதின் உட்புறத்தில் அழியா மையால் எண் எழுதினோம். எண்ணுக்கு உரிய பெயர்ப் பட்டியலை உறையில் இட்டு, ஒட்டி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரிடம் ஒப்படைத்தோம். நடுவர் வெளி மாவட்டத்துக் கால்நடை மருத்துவர்; இங்கே ஒருவரையும் அறியாதவர். மேசைமேல் சாக்கு விரிக்க வேண்டும். வழவழப்பான பலகையில் முயல் கால் பரப்பி அஞ்சும். முயலைக் காதைப் பிடித்துத் தூக்கினால் அப்போதே நீக்கம். ஒரு கை மார்பின் கீழும் ஒரு கை பின்புறத்தின் கீழும் தாங்க வேண்டும். உதறினால் முதுகெலும்பே முறியக்கூடும். பெட்டைக்குத் தனி, ஆணுக்குத் தனி, ஆறு மாதத்துக்கு உட்பட்டவைக்குத் தனி என்று பிரிவுகள். காட்சி மாசி மாதத்தில், காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடிய வேண்டும், அதற்குமேல் வெயில். தலைவர்கள் வாழ்த்துரை வழங்க விரும்பினால் முயல்கள் வீடு போன பின்னர் வழங்கலாம்.

முதல் காட்சி 2024-இல். அதற்குப் பெயர் பதியும் நாளில் நேர்ந்ததை இம்மலரில் மறைக்காமல் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். செங்கல் சூளைப் பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து இரண்டு சிறுவர்கள் ஒரு முயலைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார்கள். நம் பிள்ளைகளுள் சிலர், "இது நம்ம ஆளுங்க காட்சி, அவங்களுக்கு இல்லை" என்றார்கள். பெரியவர்கள் இருவர் அதற்குத் தலையசைத்தார்கள். அந்தச் சிறுவர்கள் ஒன்றும் பேசவில்லை. சாக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார்கள். அவர்கள் நடந்த விதத்தை நாங்கள் அறிவோம். நம் அப்பன்மார் அப்படி நடந்திருக்கிறார்கள். செயலாளர் சைக்கிளில் பின்னாலே போய் அவர்களை அழைத்து வந்தார். அன்று இரவே கூட்டம் கூடி, திறந்த காட்சி என்னும் விதியை எழுதினோம்: பதினெட்டு வயதுக்குட்பட்ட எவரும், எந்தத் தெருவினரும், எந்தக் குடியினரும் பங்குபெறலாம். நான்கு 'எச்' கழகத்தின் கோட்டை முன்னே நாங்கள் சொன்னது இதற்காகவே. கோடு வரைவதற்கு வெள்ளைக்காரனாக இருக்க வேண்டியதில்லை.

அந்த விதி இருந்ததனால்தான் 2025 காட்சிக்கு ஊர்த்தெருப் பிள்ளைகளும் வந்தார்கள். இடம் கேட்டு இரண்டு பொதுவிடங்களை அணுகினோம், கிடைக்கவில்லை. நம் நூலகத் தாழ்வாரத்திலேயே வைத்துக்கொண்டோம். ஊர்த்தெருச் சிறுவர்கள் ஐவர் முயல்களோடு உள்ளே வந்தார்கள். அவர்களுடைய தந்தையர் சாலையிலேயே, புளியமரத்தடியில் நின்றுகொண்டார்கள். முயல்கள் அருகருகே ஒரே வரிசையில் இருந்தன. மருத்துவர் ஒவ்வொன்றாக எடுத்தார். முன்பற்கள் நேராகப் பொருந்துகின்றனவா, கண்ணில் நீர் வடிகிறதா, காதுக்குள் சொறி உண்டா, பின்னங்காலடியில் புண் உண்டா, மயிரை வாயால் ஊதிப் பார்த்தால் அடியில் பொடுகு தெரிகிறதா என்று வரிசையாகப் பார்த்தார். எழுத்தர் வேலையை நம் பிளஸ் டூ மாணவி செய்தாள்.

பெட்டைப் பிரிவில் இருபத்துமூன்றாம் எண் முதலிடம் பெற்றது. உறையைப் பிரித்தார்கள். நம் காலனியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண். கைதட்டல் எழுந்தது, பாதியில் சற்றே தளர்ந்தது. மரத்தடியில் இருந்தவர்களுள் ஒருவர் தாழ்வாரப் படி வரை வந்து, "எங்க முயல்தான் பெரிசு. எப்படித் தோத்தது?" என்று கேட்டார். எல்லோரும் நடுவரைப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல், எழுத்தரிடம் அந்த எண்ணின் சீட்டைப் படிக்கச் சொன்னார். அப்பெண் படித்தாள்: "எடை நன்று. உடற்கட்டு நன்று. முன்னங்கால்களின் உட்புற மயிர் சிக்குண்டு ஒட்டியுள்ளது. மூக்கு ஒழுகுவதைக் காலால் துடைத்த அடையாளம். நோய்க்குறி. தற்காலிக விலக்கு, குணமானால் மீண்டும் வரலாம்." அவர் முயலின் காலைத் தாமே திருப்பிப் பார்த்தார். மயிர் ஒட்டிக் கிடந்தது. "மருந்து உண்டா?" என்று கேட்டார். மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

கதை அதோடு முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து, முயல் நலமான பின், முதலிடம் பெற்ற பெட்டையைப் பெற்ற ஆண் முயலோடு தம் பெட்டையை இணை சேர்க்க வேண்டும் என்று அவரிடமிருந்து சொல்லனுப்பு வந்தது. ஆண் முயலைத் தம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொன்னார். அந்த ஆண் முயல் நம் தெருவில் ஒரு பிள்ளையின் வீட்டில் இருக்கிறது. அவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். அவன் சொன்ன விடை: "ஆணை எடுத்துக்கொண்டு போகக் கூடாதுங்க. பெட்டை தன் கூண்டுக்குள் வேறு முயலை விடாது, கடித்துவிடும். பெட்டையைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுவர வேண்டும். புத்தகத்தில் இருக்கிறது." அவன் சொன்னது முழு உண்மை. எவருக்கும் பாடம் கற்பிக்க அவன் அதைச் சொல்லவில்லை. முயலைப் பற்றி மட்டுமே எண்ணினான். மூன்றாம் நாள் காலையில் அவருடைய மகன் பெட்டையைக் கூடையில் வைத்து நம் தெருவுக்குக் கொண்டுவந்தான். முதல் முறை வாசலில் நின்றபடியே காத்திருந்தான். பத்து நாள் கழித்துக் கரு தங்கவில்லை என்று மறுபடி வந்தான். அம்முறை திண்ணையில் உட்கார்ந்தான்.

இதைக் கொண்டு சாதி ஒழிந்தது என்று மேடை முழக்கம் செய்ய எங்களுக்கு மனமில்லை. அந்தத் தந்தை இன்றும் புளியமரத்தைத் தாண்டி வந்தது அந்த ஒரு நாள்தான். நடந்தது நடந்தபடி உங்கள் முன் வைத்திருக்கிறோம்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். முயல் வளர்த்து இலட்சாதிபதி ஆகலாம் என்று துண்டறிக்கையோடு வருவோர் உண்டு. குட்டியை இந்த விலைக்கு எங்களிடம் வாங்குங்கள், வளர்த்தபின் அந்த விலைக்கு நாங்களே வாங்கிக்கொள்வோம் என்பார்கள். 2012-இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழியில் என்ன நடந்தது என்று நினைவிருக்கட்டும். முன்பணம் கட்டிய ஆயிரக்கணக்கானோர் வாசலில் பறவைகள் தீவனமின்றி நின்றன. முயல் இறைச்சிக்கு நம் பகுதியில் சந்தை சிறியது. குட்டியாக வாங்குவோரும் பண்டிகைக்குக் கேட்போருமே உள்ளனர். நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது தேர்வுக் கட்டணம், பேருந்துச் செலவு, சில சமயம் ஒரு சோடிச் செருப்பு. இறைச்சிக்குக் கொடுக்க மனமில்லாத பிள்ளையை எவரும் வற்புறுத்தக் கூடாது என்பதும், கொடுக்கும் வீட்டை எவரும் பழிக்கக் கூடாது என்பதும் மன்ற விதிகள். கையெழுத்து வாங்க எவரேனும் ஒப்பந்தத்தாளோடு வந்தால், போடுமுன் நம் செயற்குழுவில் காட்டுங்கள்.

முயல் நோயுற்றால் நாட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கழிக்க வேண்டாம். அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். பயிற்சி வேண்டுவோரைக் காட்டுப்பாக்கத்திலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக நிலையத்துக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யலாம்; மின்தொடரில் போய் வர ஒரு நாள் ஆகும். சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு வர வேண்டும்.

அடுத்த காட்சி வரும் மாசி மாதத்தின் இரண்டாம் ஞாயிறு. இம்முறை கையாளும் திறனுக்கும் ஒரு பிரிவு சேர்த்துள்ளோம்: பிள்ளை முயலைத் தூக்கிவந்து, பல்லும் காதும் காலும் எங்கே எப்படிப் பார்ப்பது என்று நடுவர்க்கு வாய்விட்டு விளக்க வேண்டும்; முயல் இல்லாத பிள்ளைகளும் மன்றத்து முயலைக் கொண்டு கலந்துகொள்ளலாம். காதில் எண் எழுதும் பணி காட்சிக்கு முந்திய நாள் மாலை. பெயர்ப் பதிவு தை முதல் ஞாயிறு முதல் நூலகத்தில் நடைபெறும். கூண்டுக்குக் கம்பிவலை தேவைப்படுவோர் இன்றே செயலாளரிடம் அளவைச் சொல்லிவிட்டால் மொத்தமாக வாங்கலாம். எழுத்தர் வேலைக்கு அழகிய கையெழுத்துடைய இருவர் வேண்டும். எடைத் தராசுக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் காலியில்லை. அதற்கு முன்வரிசைப் பெரியவர் இப்போதே துண்டு போட்டுவிட்டார்.